பக்கத்து வீட்டு வியட்நாம் சிப்பாய்க்குப் புராஸ்டேட் புற்று: ஆரஞ்சுப் பட்டை டிரம்தான் காரணமா?

#1 பாலாற்றுமணல்

எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை, அதனால் உடல்நலப் பிரிவிலேயே போடுகிறேன். பொருந்தாவிட்டால் நிர்வாகிகள் நகர்த்திவிடுங்கள்.

நான் ஒஹையோவில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரே வீடு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 77 வயது. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், பனி அள்ளத் தெரியாமல் நானும் மனைவியும் வாசலில் திருதிருவென்று நின்றபோது எங்கள் பாதையையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தவர். போன மாதம் அவருக்குப் புராஸ்டேட் புற்று என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது.

வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். 1968-69இல் வியட்நாமில், பியன் ஹோவா விமானத் தளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தாராம். நடுவில் ஆரஞ்சுப் பட்டை போட்ட 55 காலன் டிரம்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்குமாம். காட்டை அழிக்க விமானத்திலிருந்து தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி வந்த டிரம்கள். காலியான ஒரு டிரம்மை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு கால் வைத்து வெல்டிங் அடித்து, மேலே கம்பி வலையைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேர் சேர்ந்து கறி சுட்டுத் தின்றிருக்கிறார்கள். அறுத்ததும் பற்றவைத்ததும் இவர்தான். "உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், டீசல் ஊற்றிக் கழுவிவிடுவோம்" என்றார், ஏதோ தோசைக்கல்லைத் தேய்த்த கதை மாதிரி.

அரசிடம் இதுவரை எதையும் கேட்டுப் போனதில்லையாம். "இந்த வயதில் யாருக்குத்தான் வராது?" என்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகம். அந்த மருந்துதான் இவருக்குப் புற்றைக் கொண்டுவந்தது என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால், நான் அவரை விண்ணப்பிக்கச் சொல்லி நச்சரிப்பது சரியா?

#2 சந்தேகசாமி

தாத்தா விவரமானவர். வேறு காரணத்தால் இறந்த எழுபதைத் தாண்டிய ஆண்களின் உடலைச் சோதித்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் புராஸ்டேட்டில் புற்றணுக்கள் இருக்கும். உயிரோடு இருந்தவரை அவர்களுக்கே தெரிந்திருக்காது. வியட்நாம் போனவர்கள் எல்லோரும் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறார்கள். வயது செய்கிற வேலைக்கு டிரம்மைக் குற்றம் சொல்வது எளிது. நிரூபணம் எங்கே?

#3 கந்தகம்

(ரசாயன ஆலையில் 22 வருடம். ஓய்வு பெற்றாகிவிட்டது, பேச்சு மட்டும் ஓயவில்லை.)

முதலில் அந்த டிரம்மில் இருந்தது என்ன என்று பார்ப்போம். பலர் நினைப்பது போல அது ஆரஞ்சு நிறத் திரவம் இல்லை. செம்பழுப்பாக, எண்ணெய் மாதிரி இருக்கும். டிரம்மின் இடுப்பில் போட்ட பட்டையின் நிறம்தான் பெயர். வெள்ளை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை என்று வேறு பட்டைகளும் உண்டு. 1962 முதல் 1971 வரை தென் வியட்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் ஏழு கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி ஊற்றப்பட்டது. அதில் பாதிக்கு மேல் ஆரஞ்சு.

ஆரஞ்சு என்பது இரண்டு களைக்கொல்லிகளைச் சரிபாதியாகக் கலந்தது. ஒன்று 2,4-டி. மற்றொன்று 2,4,5-டி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கடைசி எழுத்து வேறு வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் டிதான்! அதனால் இரண்டாவதை 2,4,5-டீ என்று எழுதுகிறேன், தேநீர் டீ என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிப்பவை. செடி தாறுமாறாக வளர்ந்து, இலையை உதிர்த்துச் சாகும்.

வில்லன் இந்த இரண்டும் இல்லை. டீயைத் தயாரிக்க டிரைகுளோரோஃபீனால் என்ற மூலப்பொருள் வேண்டும். அதைச் செய்யும்போது கொதிகலனில் சூடு ஏறினால் இரண்டு மூலக்கூறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேறொன்று உருவாகும். அதுதான் டி.சி.டி.டி., டயாக்சின் குடும்பத்திலேயே மோசமானது. யாரும் வேண்டுமென்று சேர்த்ததில்லை, அடுப்படியில் அடிப்பிடித்த மாதிரி தானாக வந்தது. எந்த ஆலை, எந்தச் சூடு என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆரஞ்சில் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தது. அதற்கு முன் தெளித்த ஊதா, இளஞ்சிவப்புச் சரக்கில் இன்னும் அதிகம்.

ஆலைக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1949இல் மேற்கு வர்ஜீனியாவின் நைட்ரோ ஊரில், இதே டீ தயாரிக்கும் மான்சான்டோ ஆலையில் விபத்து நடந்து, தொழிலாளர்கள் முகமெல்லாம் குளோர்ஆக்னே என்ற கடுமையான கொப்புளம் வந்தது. 1976இல் இத்தாலியின் செவசோவில் நடந்ததும் டிரைகுளோரோஃபீனால் கொதிகலன் விபத்துதான்.

உடம்புக்குள் போனால் டி.சி.டி.டி. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதி வெளியேறவே ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். மரபணுவை நேரடியாக உடைப்பதில்லை. செல்லுக்குள் ஏஎச் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு செல்லின் வேலைகளைக் கலைத்துப்போடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

அந்த டிரம்மை வெல்டிங் வைத்தார் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடியில் தங்கிய பிசுக்கோடு சூடு, புகை, அப்புறம் அதன்மேல் கறி.

#4 சந்தேகசாமி

கந்தகம் சார், விஷம் விஷம்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த விஷம் இந்த மனிதருக்குள் எவ்வளவு போனது என்பதுதான் என் கேள்வி. 1987இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வியட்நாமில் தரைப்படையில் இருந்த 646 பேரின் ரத்தத்தில் டயாக்சினை அளந்தது. வியட்நாம் போகாத 97 சிப்பாய்களின் ரத்தத்தையும் அளந்தது. இரண்டு பக்கமும் சராசரி ஏறக்குறைய ஒன்றே. லட்சம் கோடியில் நான்கு பங்கு. இதற்கு என்ன பதில்?

#5 எழில்_எண்

(உயிரிப் புள்ளியியல் படித்தவள். நோய்ப்பரவல் ஆய்வுகள்தான் சோறு போடுகின்றன.)

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்த விவகாரத்தின் முடிச்சே அதுதான்.

விமானங்கள் எங்கே பறந்தன என்பதற்குப் பதிவு இருக்கிறது. தேதி, பாதை, எத்தனை காலன் எல்லாம் 1965இலிருந்து கணினி நாடாவில் ஏற்றி வைத்திருந்தார்கள். சி-123 விமானம் பனைமரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லும்படி 150 அடி உயரத்தில் பறந்து, ஆயிரம் காலன் தொட்டியை நான்கே நிமிடத்தில் காலி செய்துவிடும். சரி, அந்தத் தெளிப்புப் பாதைக்குக் கீழே அன்றைக்கு எந்தச் சிப்பாய் நின்றான்? அடுத்த வாரம் அந்தப் பட்டுப்போன காட்டுக்குள் எந்தப் படைப்பிரிவு படுத்துத் தூங்கியது? அதற்குக் கணக்கு ஒழுங்காக இல்லை. முகாமின் முள்வேலியைச் சுற்றி முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு அடித்ததற்கோ ஏறக்குறைய ஏதும் இல்லை.

1987 ஆய்வில் அளந்தது, தெளிப்பு நடந்து 17-20 வருடம் கழித்து. கந்தகம் சார் சொன்ன பாதியாகும் காலத்தைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் பட்டவனின் ரத்தம் அதற்குள் ஊர் சராசரிக்கு இறங்கியிருக்கும். அதனால் அந்த ஆய்வு 'பெரும்பாலான தரைப்படையினருக்கு மிகப் பெரிய அளவில் படவில்லை' என்று சொல்கிறது. 'யாருக்கும் படவில்லை' என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டித்தான் நோய்த்தடுப்பு மையம் தான் நடத்தவிருந்த பெரிய ஆய்வையே கைவிட்டது.

இன்னொரு பக்கம், நிச்சயமாகப் பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. தெளித்த விமானக் குழுவினர், 'ராஞ்ச் ஹேண்ட்' ஆட்கள். அவர்களைத் தொடர்ந்து 20 வருடம் பரிசோதித்தார்கள். அவர்கள் ரத்தத்தில் டயாக்சின் தெளிவாகவே அதிகம். ஆனால் ஆள் கணக்கு சுமார் 1,200தான். லட்சத்தில் சிலருக்கு வரும் புற்றை 1,200 பேரில் தேடினால் என்ன கிடைக்கும்? எவருக்குப் பட்டது என்று தெரிந்த கூட்டம் சின்னது. பெரிய கூட்டத்தில் யாருக்குப் பட்டது என்று தெரியாது. ஐம்பது வருடமாக எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியிருந்தும் ஒன்று கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ராஞ்ச் ஹேண்ட் ஆட்களின் ரத்தத்தைப் பல வருடம் உறைய வைத்திருந்தார்கள். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு முன்னால், ரத்தத்தில் ஒரு புரதம் தலைகாட்டும். எம்கஸ் என்பார்கள். எம்கஸ் இருப்பவர்களில் ஒரு சிலருக்கே புற்றாக மாறும், ஆனால் புற்று வந்தவர் எல்லோரும் அந்த வாசலைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வில், தெளித்தவர்கள் 479 பேரில் 34 பேருக்கு அது இருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் பறந்தும் தெளிக்காத 479 பேரில் 15 பேருக்கு. வயது முதலானவற்றைச் சரிக்கட்டிய பிறகும் 2.4 மடங்கு. அரிதான புற்றைத் தேடாமல் அதன் முன்நிழலைத் தேடியதால் சின்னக் கூட்டத்திலும் அகப்பட்டது.

#6 சந்தேகசாமி

அது மைலோமா. இந்த இழை புராஸ்டேட்.

#7 எழில்_எண்

வருகிறேன், பொறுங்கள் அண்ணா. :)

புராஸ்டேட்டுக்கு 2008இல் வட கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு. சுமார் 13,000 முன்னாள் வீரர்கள். ஆரஞ்சு பட்டவர்களில் 239 பேருக்கும் படாதவர்களில் 124 பேருக்கும் புராஸ்டேட் புற்று. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்து, அதுவும் இரண்டு வயது முன்னதாக. கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், 'பட்டது' என்பது பெரும்பாலும் அவர்களே சொன்னது. தனக்குப் பட்டது என்று பெயர் கொடுத்தவர் அடிக்கடி பரிசோதனைக்கும் போவார். தேடினால் கிடைக்கும் நோய் புராஸ்டேட் புற்று, நீங்களே சொன்னது போல.

எதிர்ப்பக்கம் சாய்வதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 2023இல் 25 லட்சம் பேரை வைத்துப் பார்த்தார்கள். பட்டவர்களுக்கு ஆபத்து 1.04 மடங்கு. நான்கு சதவீதக் கூடுதல். ஆனால் அங்கேயும் 'பட்டவர்' யார் என்பது ஆவணத்தில் எழுதியிருப்பதுதான். படாதவர்களையும் பட்டவர் பெட்டியில் போட்டால் அந்த எண் 1ஐ நோக்கித்தான், அதாவது வித்தியாசமே இல்லை என்பதை நோக்கித்தான் நழுவும்.

அமெரிக்க அறிவியல் கழகத்தின் குழு இதையெல்லாம் எடைபோட்டு நோய்களை வகைப்படுத்துகிறது. மென்திசுப் புற்று, ஹாட்ஜ்கின் லிம்போமா, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா, நாள்பட்ட லிம்போசைட் ரத்தப்புற்று ஆகியவை 'தொடர்புக்குப் போதிய சான்று' வகை. 2018 அறிக்கையில் எம்கஸும் ரத்தக்கொதிப்பும் அங்கே ஏறின. புராஸ்டேட், நுரையீரல், குரல்வளை, சிறுநீர்ப்பை, மைலோமா எல்லாம் அதற்குக் கீழ்ப்படி. 'குறைந்த அளவு சான்று, தொடர்பைக் காட்டுகிறது'. அவர்கள் எந்த இடத்திலும் 'காரணம்' என்ற சொல்லைப் போடுவதில்லை. தொடர்பு என்றுதான் எழுதுவார்கள்.

ஆகவே #1க்கு என் பதில்: ஒரு தனி மனிதரின் புற்றைக் காட்டி 'இது டிரம்மால் வந்தது' என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. அந்தப் புற்றணுவில் டயாக்சின் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை.

#8 தேன்கூடு

அதனால்தான் சட்டம் அதைக் கேட்பதே இல்லை!

நான் அமெரிக்காவில் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர், பதினோரு வருடம். மணல் தம்பி, நச்சரிக்கலாமா என்று கேட்டீர்களே, தாராளமாக நச்சரியுங்கள்.

1991இல் ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டம் வந்தது. அதன் மையம் 'அனுமானம்'. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை எந்த நாளிலாவது வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தால், அவருக்கு மருந்து பட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். பட்டியலில் உள்ள நோய் வந்தால், அதனால்தான் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். டிரம் கதையைச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. புராஸ்டேட் புற்று 1996 முதல் பட்டியலில் இருக்கிறது.

அவரிடம் டிடி-214 என்ற பணிவிடுப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேலை பாதி முடிந்தது. எல்லாக் காகிதமும் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். 'விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று முன்னாள் வீரர் துறைக்கு, அதாவது வி.ஏ.வுக்கு, ஓர் அறிவிப்பு மட்டும் இன்றைக்கே கொடுத்துவிட்டால் தேதி பதிவாகிவிடும், முழு விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் அவகாசம். மாவட்டம்தோறும் இதற்கென்றே ஓர் அலுவலர் இருப்பார், கட்டணம் கிடையாது. "உங்கள் கேஸை முடித்துத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்" என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

புராஸ்டேட் புற்றுக்குச் சிகிச்சை நடக்கும்வரை 100 சதவீத ஊனம் என்ற கணக்கு. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்து, மிச்சமிருக்கும் தொந்தரவுக்கு ஏற்ப மாற்றுவார்கள். 100 சதவீதம் என்றால் 2025 கணக்கில் மாதம் 3,800 டாலருக்கு மேல்.

நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) சேர்க்கைப் படிவத்தில் ராணுவத்தில் இருந்தீர்களா என்ற கேள்வியே கிடையாது. லிம்போமாவோடு வந்த ஒருவர் எட்டு மாதம் கைக்காசைச் செலவழித்த பிறகு, அவர் தொப்பியைப் பார்த்து நான் கேட்டேன். அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும். அதிலிருந்து அறுபதைத் தாண்டிய ஆண் யார் வந்தாலும் பெயருக்கு அடுத்த கேள்வி எனக்கு அதுதான்.

#9 சந்தேகசாமி

தேன்கூடு அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது சட்டம், அறிவியல் இல்லை. சைகோனில் குளிர்சாதன அறையில் தட்டச்சு செய்தவருக்கும் தெளிப்பு விமானத்தில் குழாய் திருப்பியவருக்கும் ஒரே அனுமானம். 1990இல் நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வு வியட்நாம் போனவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா 50 சதவீதம் அதிகம் என்றது. ஆனால் யாருக்கு அதிகம் என்று பார்த்தால், கடலில் கப்பலில் இருந்தவர்களுக்கு! காட்டையே பார்க்காதவர்கள்.

#10 கந்தகம்

அந்தக் கப்பல் விஷயத்தை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். கப்பலில் குடிநீர் எங்கிருந்து வந்தது? கடல்நீரைக் காய்ச்சி வடித்து. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலோடு கரையோர நீர். 2002இல் ஆஸ்திரேலியாவில் அந்தக் கப்பல் முறைப்படியே காய்ச்சி வடித்துப் பார்த்தார்கள். டயாக்சின் பின்தங்கவில்லை, ஆவியோடு சேர்ந்து குடிநீர்ப் பக்கம் வந்துவிட்டது. சாராயம் காய்ச்சுபவனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் விளக்கியிருப்பான், தண்ணீரில் கரையாத எண்ணெய்ப் பொருள்கள் நீராவியோடு ஏறிவரும்.

அந்த மாலுமிகளின் லிம்போமா இதனால்தான் என்று நான் சொல்லவில்லை, அவர்களில் எத்தனை பேர் கரையோர நீரைக் குடித்தார்கள் என்பதற்கும் கணக்கு இல்லை. 'கப்பலில் இருந்தவனுக்குப் பட வழியே இல்லை' என்ற வாதம் மட்டும் நிற்காது. அவர்களுக்கு 2019இல்தான் சட்டம் வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை.

#11 எழில்_எண்

இன்னொரு பக்கத்தையும் மறக்க வேண்டாம். சிப்பாய்களின் அளவு தெரியாது, ஆலைத் தொழிலாளர்களின் அளவு தெரியும். அமெரிக்காவில் 12 ஆலைகளில் டயாக்சின் பட்ட 5,172 பேரை வைத்து 1991இல் வந்த ஆய்வில், குறைந்தது ஒரு வருடம் அந்த வேலை செய்து 20 வருடம் கடந்தவர்களுக்குப் புற்றுநோய்ச் சாவு எதிர்பார்ப்பைவிட 46 சதவீதம் அதிகம். அறிவியல் கழகக் குழு சாய்ந்திருப்பது பெரிதும் இப்படிப்பட்ட ஆலை, விவசாயத் தொழிலாளர் ஆய்வுகள்மேல்தான்.

குளிர்சாதன அறைத் தட்டச்சருக்கும் பணமா என்றால், ஆமாம். சட்டம் தெரிந்தே அதைச் செய்தது. யாருக்குப் பட்டது என்று எழுதி வைத்திருக்க வேண்டியது ராணுவம். எழுதவில்லை. அந்த விடுபாட்டின் விலையைச் சிப்பாய் கட்டுவதா, அரசு கட்டுவதா என்றால் அரசு கட்டட்டும் என்றார்கள். புள்ளியியல்காரியாக எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் வேறு வழியும் எனக்குத் தோன்றவில்லை.

#12 வெண்ணாறு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயி. இந்த 2,4-டி என்கிறீர்களே, அது எங்கள் ஊர் உரக்கடையில் இருக்கிறதே? நடவு முடிந்து இருபது இருபத்தைந்தாம் நாள் அகல இலைக் களைக்கு நாங்களே அடிக்கிறோம். பக்கத்து வயலில் பருத்தி இருந்தால் காற்றடிக்கும் நேரத்தில் அடிக்கக்கூடாது, சாரல் பட்டாலே இலை சுருண்டு தவளைக்கால் மாதிரி ஆகிவிடும், அதுவரை எனக்குத் தெரியும். இது வியட்நாம் மருந்தா?

#13 கந்தகம்

பாதி மருந்து, ஐயா. அந்த டி.சி.டி.டி. வந்தது டீயோடு. 2,4,5-டீக்கு இந்தியாவில் பதிவே கொடுக்கவில்லை, அமெரிக்காவிலும் அது எப்போதோ போய்விட்டது. 2,4-டியின் மூலப்பொருளிலிருந்து அதே டயாக்சின் அந்த வழியில் உருவாகாது. அதற்காக அது பால் என்று சொல்ல வரவில்லை. 2015இல் சர்வதேச முகமை அதை 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற 2பி வகையில் வைத்தது. கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகைக் காட்டி அடிப்பது. காலி டப்பாவை நசுக்கிப்போடுங்கள். தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ள வேண்டாம்.

#14 வெண்ணாறு

கடைசி வரிக்கு நன்றி. வெட்கத்தோடு சொல்கிறேன், எங்கள் மோட்டார் கொட்டகையில் அப்படி ஒரு டப்பா இருந்தது. இன்று காலை போய் எடுத்துவிட்டேன். தாத்தா கறி சுட்டதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம்தான் டப்பா ஞாபகம் வந்தது.

#15 மீகாங்_பயணி

எல்லோரும் அமெரிக்கச் சிப்பாயைப் பற்றியே பேசுகிறீர்கள். அதே டிரம்மைச் சுமந்து விமானத்தில் ஏற்றிய தென் வியட்நாம் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது?

அமெரிக்க வீரர்கள் ரசாயன நிறுவனங்கள்மேல் போட்ட வழக்கு 1984 மே 7 அன்று, விசாரணை தொடங்க வேண்டிய நாளிலேயே, 18 கோடி டாலருக்குச் சமரசமானது. தலைக்குப் பிரித்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் ஏதோ கிடைத்தது. வியட்நாம் மக்கள் 2004இல் போட்ட வழக்கு? மறு வருடமே தள்ளுபடி. அதே நீதிபதி, ஜாக் வைன்ஸ்டீன். 2009இல் உச்ச நீதிமன்றம் எடுக்கக்கூட மறுத்துவிட்டது. மூன்று லட்சத்துக்கு மேல் ஆள் அனுப்பிய தென் கொரியாவில் 2006இல் மேல் நீதிமன்றம் ஆயிரக்கணக்கானோருக்கு இழப்பீடு என்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் குளோர்ஆக்னே வந்த 39 பேருக்கு மட்டும் என்று சுருக்கியது. புற்று வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள், 'இதனால்தான் வந்தது' என்று காட்ட முடியாததால்.

தெளிப்புக்குக் கீழே இருந்த கிராமங்களில் குறைந்தது 21 லட்சம், 48 லட்சம் வரைகூட மக்கள் இருந்திருக்கலாம் என்று 2003இல் ஓர் ஆய்வு விமானப் பாதைகளை வைத்துக் கணக்கிட்டது. அவர்களுக்கு யார் அனுமானம் கொடுத்தார்கள்?

மணல், உங்கள் தாத்தா இருந்த பியன் ஹோவா இன்றைக்கும் வியட்நாமின் மோசமான டயாக்சின் மண். தொட்டிகள் கசிந்து ஆயிரக்கணக்கான காலன் தரையில் போன இடம் அது. டா நாங் என்ற இன்னொரு விமானத் தளத்தில் மண்ணை மலைபோல் குவித்து மூடி 335 டிகிரிக்கு மேல் சூடேற்றி 2018இல் சுத்தம் செய்து முடித்தார்கள். பியன் ஹோவா அதைவிடப் பெரிய வேலை, 2019இல்தான் தொடங்கியது.

#16 நிர்வாகி_மருதம்

இழை நன்றாகப் போகிறது. வழக்கு, இழப்பீட்டு அரசியலுக்குத் தனி இழை திறந்தால் நல்லது. இங்கே நோயைப் பேசுவோம்.

#17 சந்தேகசாமி

நிர்வாகி, ஒன்றே ஒன்று, அப்புறம் நோய்க்கு வருகிறேன்.

மீகாங் டெல்டாவின் ஆற்றங்கரைகளில் மருந்தடிக்கச் சொன்னவர் கடற்படைத் தளபதி எல்மோ சும்வால்ட். கரைப் புதரில் ஒளிந்திருந்து படகுகளைச் சுட்டார்கள், மாலுமிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். புதரை அழித்ததும் சாவு குறைந்தது. அதே ஆறுகளில் அவருடைய சொந்த மகன் படகுத் தலைவன். மகனுக்கு லிம்போமா வந்தது, 1988இல், 42 வயதில் இறந்தார். தந்தை தன் உத்தரவுதான் காரணம் என்று நம்பினார். அப்படியும், மறுபடி அதே நிலைமை வந்தால் அதே உத்தரவைத்தான் கொடுப்பேன், அது காப்பாற்றிய உயிர்கள் அதிகம் என்று சொன்னார். பிறகு மிச்ச ஆயுளில் வீரர்களின் இழப்பீட்டுக்காக அலைந்ததும் அவர்தான்.

நான் நிரூபணம் நிரூபணம் என்கிறவன். அந்த மகனின் லிம்போமாவுக்கும் யாரும் நிரூபணம் கொடுத்ததில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. ஆனாலும் அந்தத் தந்தையிடம் போய் "கூட்டத்தின் எண்ணிக்கை போதாது ஐயா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழில் சொன்ன எம்கஸ் ஆய்வைப் படித்தேன். 34க்கு 15. ஏற்கிறேன். புராஸ்டேட்டை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் தாத்தா விண்ணப்பிக்கட்டும், அவர் பெட்டியில் தவறாக விழுந்த தட்டச்சர் இல்லை. பியன் ஹோவா ஆள்.

#18 தேன்கூடு

சாமி அண்ணா இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்கு ஒரு டீ வாங்கித் தருகிறேன். தேநீர் டீ.

மணல் தம்பி, இன்னொன்று. தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதய அடைப்பு ஏதாவது இருக்கிறதா? சர்க்கரை 2001இலேயே பட்டியலில் ஏறிவிட்டது, இதய அடைப்பு 2010இல். ரத்தக்கொதிப்பும் எம்கஸும் 2022இல் பாக்ட் சட்டத்தோடு. எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள்.

#19 பாலாற்றுமணல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

டிடி-214 கிடைத்துவிட்டது. கராஜில், ஸ்பானர் டப்பாவுக்கு அடியில், கிரீஸ் கறையோடு. மாவட்ட அலுவலரிடம் நானே காரில் கூட்டிப்போனேன். முக்கால் மணி நேரம்தான். அந்த அலுவலர் டிரம் கதையைக் கேட்கவே இல்லை, தேன்கூடு அக்கா சொன்னது போல. தாத்தாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்வேன். சொல்லத் தயாராக வந்திருந்தார். சர்க்கரை பதினாறு வருடமாக இருக்கிறதாம், அதையும் எழுதினோம். "பதினாறு வருடம் முன்னாலேயே வந்திருக்கலாமே" என்றார் அலுவலர். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டார், அந்தக் கறியைத் தின்ற மற்ற ஐந்து பேருக்கும் இது தெரிந்திருக்குமா என்று. இரண்டு பேரின் விலாசம்தான் அவரிடம் இருக்கிறது, பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில். ஒருவர் டெக்சாஸ், ஒருவர் மிச்சிகன். எழுதினால் தப்பா?

#20 தேன்கூடு

இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் உயிரோடு இல்லாவிட்டாலும் எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள நோயால் இறந்திருந்தால் மனைவிக்கு மாதப் பணம் உண்டு, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

#21 பாலாற்றுமணல்

எழுதிவிட்டார். கையெழுத்து நடுங்குகிறது என்று என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார். முதல் பத்தி முழுக்க அந்த அடுப்பைப் பற்றித்தான். கால் எப்படி வைத்தார், வலையை எந்த லாரியிலிருந்து கழற்றினார் என்பதுவரை. புற்றுநோய் இரண்டாம் பக்கத்தில் வருகிறது.

மிச்சிகன் கடிதம் திரும்பி வந்துவிட்டது. டெக்சாஸிலிருந்து நேற்று ஃபோன் வந்தது, பேசியது அவருடைய மகள். தாத்தா கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். அப்புறம் வந்து, தேன்கூடு அக்கா சொன்ன அந்த விதவைகளுக்கான படிவத்தின் எண் என்ன என்று கேட்டார்.